காங்கேயம் பக்கம் தோட்டத்துக் கிணற்று மண்ணில் விரல் நீளத்துக்கு வளைந்த பல் ஒன்று கிடைத்தது. இது ஊனுண்ணி டைனோசர் பல்லா? எப்படிக் கண்டுபிடிப்பது?

டைனோசர் பல்லாக இருக்க வழியில்லைங்க. நம்ம கொங்குச் சீமையின் அடிப்பாறை நைஸ், சார்னோகைட் வகை. பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய இவற்றில் பெரும்பகுதி சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு. ஊனுண்ணி டைனோசர்கள் தோன்றியதோ சுமார் 23 கோடி ஆண்டுக்கு முன்புதான். வளைவையும் நீளத்தையும் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் காட்டுப்பன்றியின் கோரைப்பல்லாக இருக்கலாம். குறுக்குவெட்டு முக்கோணமாக இருக்கிறதா என்று பாருங்க, கீழ்க்கோரை அப்படித்தான் இருக்கும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எனக்கு மிகப் பிடித்த விஷயம் இது. பல்லின் நீளத்தை விட்டுவிட்டு முதலில் விளிம்பைப் பார்க்கணும். பெரும்பாலான ஊனுண்ணி டைனோசர் பற்களின் விளிம்பில் பனைமட்டையில் இருப்பதுபோலக் கருக்கு ஓடும். உங்க ஊரில் ரத்தினக் கல் பார்க்கிறவங்க வைத்திருக்கும் லென்ஸே போதும், 5 மில்லிமீட்டருக்குள் எத்தனை கருக்கு என்று எண்ணிவிடலாம். டி. ரெக்ஸுக்குச் சுமார் 10 வரும். சிறிய வேட்டை டைனோசர்களுக்குக் கருக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும், அவற்றில் பலவற்றுக்கு முன் விளிம்பைவிடப் பின் விளிம்பில் பெரிதாகவும் இருக்கும்.

அடுத்தது குறுக்குவெட்டு. டி. ரெக்ஸின் பக்கப் பற்கள் எலும்பை நொறுக்கும் அளவுக்குத் தடிமன். கார்கரோடான்டோசாரஸ் பல் கத்திபோலத் தட்டை. நம் நாட்டு ராஜாசாரஸ் சேர்ந்த அபெலிசாரிட் குடும்பத்தில் முன் விளிம்பு வளைந்தும் பின் விளிம்பு ஏறக்குறைய நேராகவும் இருக்கும். ஸ்பைனோசாரஸ்தான் ஆளைக் குழப்பும். கருக்கே இல்லாத கூம்புப் பல், முதலைப் பல் என்றே தோன்றும்.

வேர் இல்லாமல் அடி குழிந்திருந்தால் உடைந்தது என்று நினைக்க வேண்டாம். இந்த விலங்குகளுக்கு வாழ்நாள் முழுக்கப் பல் விழுந்து முளைக்கும். புதுப்பல் முளைக்கும்போது பழசின் வேர் கரைந்துவிடும்.

ஆனாலும் ஒற்றைப் பல்லை வைத்துக் குடும்பம் வரைதான் சொல்ல முடியும், இனம் சொல்வது அரிது. அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த ஒரு பல்லை, அதுவரை வடகண்டங்களில் மட்டுமே உறுதியாகத் தெரிந்திருந்த ட்ரூடோன்டிட் என்ற, பறவை போன்ற சிறிய டைனோசர் குடும்பத்தது என்று 2013இல் அறிவித்தார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. ஒரு எலும்பும் சேர்ந்து கிடைக்கும்வரை முழுத் திருப்தி மட்டும் வராது.

உங்கள் பல்லைத் தேய்த்துக் கழுவாதீங்க. பக்கத்தில் அளவுகோல் வைத்து, விளிம்பும் அடிப்பகுதியும் தெரிகிறமாதிரிப் படம் எடுத்துப் போடுங்க, பார்த்துச் சொல்றேன்.