ஃபார்மோடு மல்லுக்கட்டும் மகள்: தடுப்பதா, விடுவதா?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். “படிப்பு முடித்து ஐந்து மாதமாகிறது. ஜாங்கோ கற்றுக்கொள்கிறேன் என்கிறாள். எட்டிப் பார்த்தால், ஒரு ஃபார்மைத் திரையில் எப்படிக் காட்டுவது என்று டெவலப்பர்கள் எப்போதோ விவாதித்ததை உட்கார்ந்து படிக்கிறாள். கூடப் படித்தவர்கள் ரியாக்ட் என்ற வேறொரு கருவியின் பக்கம் போய்விட்டார்கள். இவள் பழைய குப்பையைக் கிளறுகிறாளோ?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

குப்பை இல்லை. ஆனால் உங்கள் பயத்தில் பாதி நியாயம் உண்டு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஜாங்கோ, பைத்தான் என்ற நிரல்மொழியில் இணையதளங்களைக் கட்ட உதவும், 2005-ல் வெளியான கட்டமைப்பு. பிறந்த இடம் ஒரு செய்தித்தாள் அலுவலகம். இன்று கேட்ட பக்கம் இன்றே வேண்டும் என்கிற அவசரம் அதன் ரத்தத்தில் உண்டு. டெம்ப்ளேட்டில், அதாவது பக்கத்தின் அச்சில், ஒரே ஒரு வரி எழுதினால் பெயர், மின்னஞ்சல், தேதி என்று முழு ஃபார்மும் வந்து நிற்கும். கேள்வி என்னவென்றால், அந்த ஒரு வரி உள்ளே எந்த மாதிரி எச்டிஎம்எல்-ஐ (வலைப்பக்கத்தின் குறிமொழி) உருவாக்க வேண்டும்? வெகுகாலம் மூன்று வழிகள்தான் இருந்தன: அட்டவணை வரிசையாக, பாராவாக, பட்டியலாக. எதுவும் சொல்லாமல் விட்டால் அட்டவணை. 2022-ல் வந்த 4.1 பதிப்பில்தான் ‘டிவ்’ முறை (ஒவ்வொரு கேள்வியையும் ஒரு பொதுவான பெட்டிக்குள் வைப்பது) சேர்ந்தது. 2023 டிசம்பரில் வந்த 5.0-ல் அதுவே இயல்புநிலை ஆனது.

ஒரு டேகை, அந்தக் குறிமொழியின் ஒரு குறியை, மாற்றவா இத்தனை வருடம், இத்தனை பேச்சு என்று தோன்றும். ஒரு ஃபார்மில் “உங்களுக்கு ஒவ்வாமை உண்டா?” என்று கேட்டு, கீழே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு ரேடியோ பட்டன்கள் (ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் வட்டங்கள்) வைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பார்வை உள்ள நமக்குச் சிக்கல் இல்லை, கேள்வி மேலேயே தெரிகிறது. திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானை நம்பி இருப்பவர் டேப் விசையை அழுத்திக்கொண்டே வருகிறார். அவர் காதில் விழுவது “ஆம், ரேடியோ பட்டன்” மட்டும். எதற்கு ஆம்? கேள்வியையும் பதில்களையும் ‘ஃபீல்ட்செட்’ என்ற ஒரே கூட்டுக்குள் வைத்து, கேள்வியை ‘லெஜெண்ட்’ ஆக எழுதினால், திரைவாசிப்பான் கேள்வியையும் சேர்த்துச் சொல்லும். பாரா டேகுக்குள் ஃபீல்ட்செட்டை வைக்க எச்டிஎம்எல் விதி இடம் தராது. அட்டவணையோ எண்களையும் தகவல்களையும் வரிசைப்படுத்த உண்டான பொருள். டிவ் முறை வந்ததற்குப் பின்னால் இதெல்லாம் இருக்கிறது. ஆறு வாரப் பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது. உங்கள் மகள் விவாதத்தைப் படித்தே இதைப் பிடித்திருந்தால், நுனிப்புல் மேய்கிற ரகமில்லை அவர்.

வேலைக்கு ஆகுமா என்பதுதானே உங்களுக்கு முக்கியம்? இந்த ஆலோசனைப் பணிக்கு வருமுன் நானும் சில வருடம் புரோகிராம் எழுதியவன்தான். முதல் வேலையில் ஒரு பதிவு ஃபார்ம் செய்தேன். பத்துப் பதினைந்து புலங்கள், அதாவது நிரப்ப வேண்டிய கட்டங்கள். எல்லாம் சரியாக நிரப்பினால் சேமித்துவிடும். ஒன்றில் தப்பு விட்டால் பக்கம் மறுபடி திறக்கும், ஆனால் தட்டச்சு செய்தது அத்தனையும் காலி! தப்பு எங்கே என்ற செய்தியும் இல்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் ஒரு ‘எல்ஸ்’ (‘இல்லையென்றால் இதைச் செய்’ என்ற கட்டளை) விட்டுப்போயிருக்கிறது. சரிபார்ப்பில் தோற்ற ஃபார்ம் தன் கையில் பிழைகளையும், பயனர் எழுதியதையும் பத்திரமாக வைத்திருந்தது. அடுத்த வரியில் நான் அதன்மேல் ஒரு புத்தம்புதிய வெற்று ஃபார்மை எழுதிவிட்டு அதைத் திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இன்று வேலைக்குத் தயாராகும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: “தப்பாக நிரப்பிய ஃபார்மை அனுப்பினால் அடுத்து என்னென்ன நடக்கும்? வரிசையாகச் சொல்.” சரியாக நிரப்பிய கதையை எல்லாரும் சொல்கிறார்கள். தப்பான கதையில் பலர் தடுமாறுகிறார்கள். கோப்பு ஏற்றும் புலம் இருந்தால் இன்னும் வேடிக்கை. ஃபார்மின் ‘என்க்டைப்’பை (தகவலை எந்த வடிவில் அனுப்புவது என்ற குறிப்பு) மாற்ற மறந்தால் கோப்பு சர்வருக்குப் போய்ச் சேராது, “இந்தப் புலம் கட்டாயம்” என்று மட்டும் திரும்பத் திரும்ப வரும். எல்லாம் சரியாகச் செய்திருந்தாலும், வேறொரு புலத்தில் பிழை வந்தால் பயனர் கோப்பை மறுபடி தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். பாதுகாப்புக் கருதி பிரவுசர் அதைத் தானாக நிரப்ப விடாது.

ரியாக்ட் பற்றி ஒரு வார்த்தை. அதையும் கற்கட்டும், அவசரமில்லை. பிழைச் செய்தியை எந்தப் புலத்தோடு கட்டுவது, பிரவுசரில் ஒருமுறை சரிபார்த்ததை சர்வரில் ஏன் மறுபடி சரிபார்ப்பது போன்ற கேள்விகள் அங்கும் அப்படியேதான் இருக்கின்றன. ஃபார்மைச் செயற்கை நுண்ணறிவே எழுதித் தந்துவிடுமே என்று அடுத்து கேட்பீர்கள். தரும். தந்ததில் அந்த லெஜெண்ட் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டுமே.

இனி அந்தப் பாதி நியாயம். படிப்பது மட்டுமே வேலையாகிவிட்டால் அது சுகமான ஒளிவிடம். விண்ணப்பம் போடப் பயந்து ‘இன்னும் கொஞ்சம் கற்றுக்கொள்கிறேன்’ என்று மாதக்கணக்கில் உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே மகளிடம் மூன்று வாரம் கெடு பேசுங்கள். அதற்குள் ரேடியோ, தேதி, கோப்பு எல்லாம் உள்ள ஒரு ஃபார்மை அவர் முழுதாகச் செய்து முடிக்கட்டும். பயோடேட்டாவில் ‘ஜாங்கோ தெரியும்’ என்று எழுதுவதை விட, ‘பிழை வந்தாலும் எழுதியது அழியாத, விசைப்பலகையால் மட்டும் நிரப்பக்கூடிய ஃபார்ம்’ என்று எழுதி இணைப்பும் கொடுத்தால், நேர்காணலில் பேச்சு தானாக அங்கே போகும். தைரியம் வந்தால், ஜாங்கோவின் டிக்கெட் பட்டியலில் (திருத்த வேண்டிய பிழைகள், செய்ய வேண்டிய மாற்றங்களின் பட்டியல்) புதியவர்களுக்கென்று குறித்து வைத்த எளிய வேலைகள் உண்டு. ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். ஆனால் அது ஏற்கப்படும்வரை விண்ணப்பங்களை நிறுத்தி வைக்கக் கூடாது, அதற்கு மாதங்கள் ஆகலாம்.

கெடு முடிகிற நாளில் அவர் செய்த ஃபார்மை நீங்களே நிரப்பிப் பாருங்கள். மவுஸைத் தள்ளி வைத்துவிடுங்கள். வேண்டுமென்றே இரண்டு இடத்தில் தப்பாக எழுதி அனுப்புங்கள். எங்கே திணறினீர்கள் என்று ஒரு தாளில் குறித்து அவரிடம் கொடுங்கள். விளக்கம் எதுவும் கேட்காதீர்கள்.