வீட்டில் படியும் தூசி கிரஷரிலிருந்தா, சாலையிலிருந்தா?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் குடியிருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால், மேற்கே ஜல்லி கிரஷர். கிழக்கு வாசலில் டிப்பர் லாரிகள் ஓடும் சாலை. ஒரே நாள் பரிசோதனையில் எதிலிருந்து எத்தனை சதவீதம் தூசி வருகிறது என்று சான்று தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு நாள் அளவை வைத்து யாராலும் சதவீதம் சொல்ல முடியாது. பல பருவங்களில் ஃபில்டர் தாளில் தூசியைப் பிடித்து, லேபில் கூறு பார்த்துக் கணக்கிட வேண்டிய வேலை அது. கரி கூடினால் டீசல் புகை, சிலிக்கான் கூடினால் மண், கல் என்று பிரிப்பார்கள். உங்கள் இடத்தில் அதுவும் எளிதல்ல. கிரஷர் தூசியும் கருங்கல். லாரியிலிருந்து சிந்தி, சக்கரத்தில் அரைபட்டு எழுவதும் அதே கருங்கல். இதை எப்படிப் பிரிப்பீர்கள் என்று அவரைக் கேளுங்கள்.

பரிசோதனைக் கூடங்களுக்குத் தரப்படும் என்.ஏ.பி.எல். அங்கீகாரச் சான்றைக் காட்டினால், அது காற்றுத் தூசிப் பரிசோதனைக்குத்தானா என்று பாருங்கள். தண்ணீர்ப் பரிசோதனைச் சான்றைக் காட்டிப் பணம் வாங்குபவர்களும் உண்டு.

அப்புறம், கையில் பிடித்துத் தூசி அளக்கும் மீட்டர். அது ஒளிச்சிதறலை வைத்துக் கணக்கிடுகிறது. மார்கழி விடியலில் ஈரத்தில் உப்பிய துகளையும் பனித்துளியையும் தூசியாக எண்ணிவிடும். அந்த நேரத்து எண்ணைக் காட்டித்தான் மிரட்டுவார்கள். வெயில் ஏறிப் பனி விலகியபின் அதே மீட்டரை அதே இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். மற்ற பருவங்களிலும் மழை பெய்த மறுநாள் காலை எடுத்த அளவை ஏற்காதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? காற்றின் திசையைப் பிடியுங்கள். ஆடியில் மேற்கிலிருந்து வீசும்போது கொல்லைப்புறத்தில் சேர்வது பெரும்பாலும் கிரஷர் தூசி; தையில் கிழக்கிலிருந்து வீசும்போது வாசலில் சேர்வது சாலைத் தூசி. கிரஷர் ஓடும் நாளிலும் நிற்கும் நாளிலும் சான்றுள்ள லேபிடம் 24 மணி நேரம் அளக்கச் சொல்லுங்கள். பிஎம் 10 (10 மைக்ரான் வரையிலான துகள்) வரம்பு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம், பிஎம் 2.5க்கு (2.5 மைக்ரான் வரையிலான நுண்துகள்) 60. முன்னது எகிறிப் பின்னது குறைவாக இருந்தால் பெரும்பாலும் புகையல்ல, மண், கல் தூசி.

உண்மையில், மூச்சுத் திணறும் குடும்பத்திடம் போய் ஆதாரம் கேட்பதே அநியாயம். தூசி அடக்கத் தண்ணீர் தெளிப்பதும் இயந்திரங்களை மூடி வைப்பதும் கிரஷர்காரர் கடமை. ஆய்வு நாளில் மட்டும் தெளித்துவிட்டு மறுநாள் குழாயைச் சுருட்டி வைத்தால் யார் கேட்பது? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி விண்ணப்பித்து, அந்தக் கிரஷரின் இசைவாணை (இயங்குவதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நிபந்தனைகளோடு தரும் அனுமதி) நகலை வாங்குங்கள். எந்த நிபந்தனை மீறப்படுகிறது என்று தேதி போட்ட படங்களுடன் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். அதற்குச் சதவீதச் சான்று தேவையில்லை.