முதியோர் இல்லத்தில் எதைப் பார்க்கவேண்டும்? திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்

நான் பிஎச்ஐயாக, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகராக, வேலை செய்து ஓய்வுபெற்றவன். இல்லப் பரிசோதனை பற்றிக் கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஐயா, அம்மம்மாவை ஓர் இல்லத்தில் விட யோசிக்கிறோம். பதிவு செய்த இடம் என்கிறார்கள். அது போதுமா? (உப்புவெளி)

போதாது தங்கச்சி. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இப்படியான இல்லங்களைப் பதிவு செய்யச் சொல்கிறது, அதனால் பதிவே இல்லை என்றால் அந்தப் பக்கம் போகவேண்டாம். ஆனால் சுவரில் தொங்கும் சான்றிதழ் நேற்று இரவு அங்கே எத்தனை பேர் வேலைக்கு நின்றார்கள் என்று சொல்லாது. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு, சொல்லாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள். உள்ளே விடாமல் சாக்குச் சொன்னால் அதுவே உங்களுக்குப் பதில்.

மூதூரில் சின்ன இல்லம் நடத்துகிறேன். பிஎச்ஐ வந்தால் எதைத்தான் பார்ப்பார்?

முதலில் தண்ணீர். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி வேண்டும், நம்முடைய கரையோர மணலில் அழுக்குத் தண்ணீர் சுலபமாக ஊறிப் போய்விடும், ஆகவே இதில் விட்டுக்கொடுக்க முடியாது. அப்புறம் குசினி. காலையில் சமைத்த கறியை இரவுவரை மூடி வைத்துக் கொடுப்பதுதான் பல இடங்களில் வயிற்றோட்டத்துக்குக் காரணம், சூடான சாப்பாடு 60 பாகை செல்சியசுக்கு மேலே, குளிரானது 5 பாகைக்குக் கீழே இருக்கவேண்டும். நுளம்பு பெருகாமல் தடுக்க 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஒரு கிழமை அளவு போதும், அதனால் வாரம் ஒருமுறை பீலி, பூச்சாடித் தட்டு, பிரிஜ்ஜின் பின்தட்டு எல்லாம் கவிழ்த்துக் கழுவுங்கள். 2017இல் டெங்குவால் கிண்ணியா பட்ட பாடு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் நான் குளியலறையை மட்டும் தனியாகப் போய்ப் பார்ப்பேன். வயதானவர் அங்கே வழுக்கி விழுவது அதிகம், இடுப்பெலும்பு முறிந்தால் பலர் மறுபடி பழையபடி நடப்பதில்லை. பிடிகம்பி ஆளின் பாரத்தைத் தாங்கவேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும், ஏனென்றால் விழுந்தவர் கதவுக்குக் குறுக்கே கிடந்தால் உள்ளே தள்ளித் திறக்க முடியாது. கொண்டியும் வெளியிலிருந்து கழற்றக்கூடியதாக இருக்கட்டும். செலவு பெரிதில்லை அண்ணா, இதை முதலில் செய்யுங்கள்.

மறதி நோய் உள்ளவர்கள் வெளியே போய்விடுவார்கள் என்று இரவில் அறையைப் பூட்டுகிறார்கள். சரியா?

இல்லவே இல்லை. யன்னலுக்குக் கம்பி, கதவுக்கு ஆமைப் பூட்டு, சாவி நித்திரையில் இருக்கும் ஒருவரின் இடுப்பில், இந்த நிலையில் தீப்பிடித்தால் யாரைக் காப்பாற்றுவது? வெளிப் படலையைப் பூட்டுங்கள், அறையைப் பூட்டவேண்டாம், இரவில் விழித்திருக்க ஓர் ஆளை வையுங்கள். ஆள் இல்லை என்றால் அத்தனை பேரைச் சேர்க்கக்கூடாது, இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

சூடான கச்சான் காற்று வீசும் காலத்தில் எதைக் கவனிக்கவேண்டும்?

வயதானவருக்குத் தாகம் குறைவாகத்தான் தெரியும். கேட்டால் கொடுப்போம் என்று இருக்காமல், நேரம் வைத்துத் தண்ணீர் கொடுக்கவேண்டும்.

அப்பாவின் முதுகடியில் புண். கேட்டால் கோபிக்கிறார்கள். எங்கே முறையிடலாம்? (தம்பலகாமம்)

படுத்த படுக்கையானவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிவிடவேண்டும் தம்பி, அது நடக்கவில்லை என்றுதான் தெரிகிறது. குதிக்காலையும் பாருங்கள், அங்கேயும் இப்படிப் புண் வரும். முதலில் வைத்தியரிடம் காட்டி எழுத்தில் வாங்குங்கள், காய்ச்சலோ நாற்றமோ இருந்தால் காத்திருக்காமல் 1990க்கு அடித்து அம்புலன்ஸ் எடுங்கள். பிறகு பிரதேச செயலகத்தில் முதியோர் விடயம் பார்க்கும் உத்தியோகத்தரிடம் திகதி போட்டு எழுத்தில் கொடுங்கள், சுத்தம் பற்றியதென்றால் எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்கு ஒரு பிரதி. முந்தைய பரிசோதனை அறிக்கையை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம், தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் தீர்மானிக்கவேண்டும். கொடுத்த கடிதத்தின் பிரதியில் கையொப்பமும் முத்திரையும் வாங்காமல் கந்தோரை விட்டு வெளியே வரவேண்டாம்.