பாஸ்வேர்டு மறந்தவரின் ஆறாவது இடம்

அன்புள்ள சார்,

நாங்கள் பத்து நண்பர்கள். இங்கிலீஷ் பிரீமியர் லீக் கால்பந்தை வைத்து இணையத்தில் ஆடும் ஃபேண்டஸி விளையாட்டில் ஆறு வருடமாகத் தனி லீக் வைத்து ஆடுகிறோம். நான்தான் அட்மின். சீசன் முடிந்ததும் யார் எப்படி ஆடினார்கள் என்று ஓர் ஆண்டறிக்கை எழுதிக் குழுவில் போடுவது என் வேலை. கிண்டலும் கேலியுமாகப் பத்து பத்தி, ஆளுக்கு ஒன்று.

2024-25 சீசனுக்கு எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. நான் ஏழாவது இடம். என்னைவிட 9 புள்ளி கூடுதலாக வாங்கி ஆறாவதாக வந்தவர், அக்டோபரில் பாஸ்வேர்டை மறந்து அதன்பிறகு அணியைத் திறக்கவே இல்லாதவர். ஆகஸ்டில் லிவர்பூலின் சலாவைக் கேப்டனாக்கிவிட்டுப் போனார், அவ்வளவுதான். நான் ஒரு வாரம் விடாமல் மெனக்கெட்டேன். கூடுதலாக ஆள் மாற்றி 23 முறை மைனஸ் நாலு எடுத்திருக்கிறேன். மான்செஸ்டர் சிட்டியின் ஹாலண்டை வாங்குவதற்காக மூன்றாம் வாரம் சலாவை விற்றேன். செப்டம்பரிலேயே டிரிபிள் கேப்டனை ஹாலண்டுக்குப் போட்டேன், அதுவும் புஸ்ஸென்று போனது. டிசம்பரில் சலாவைத் திரும்ப வாங்கினேன். ஆனால் எல்லோருமே அவரைக் கேப்டனாக்குகிறார்களே என்று நான் வேறு ஆளைப் போட்டேன். முதலிடம் வந்த தோழியும் வாராவாரம் சலா, சலா என்றே ஓட்டியவள்தான். இதில் என்ன திறமை இருக்கிறது? எல்லாம் அதிர்ஷ்டம் என்று ஒரே வரியில் அறிக்கையை முடித்துவிடலாமா? கைவிடப்பட்ட அணிகளைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்று ஒரு விதியும் கொண்டுவர நினைக்கிறேன். உங்கள் கருத்து?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

சிரித்துக்கொண்டேதான் படித்தேன், மன்னியுங்கள். நானும் ஆடுகிறவன் என்பதால் அந்தச் சிரிப்பில் பாதி என்னைப் பார்த்தும்தான்.

இதை ஆடாதவர்களும் இங்கே படிப்பார்கள், அவர்களுக்காக இரண்டு வரி. கையில் 100 மில்லியன் பவுண்டு, கற்பனைப் பணம். அதற்குள் 15 பேரை எடுக்க வேண்டும், ஒரு கிளப்பிலிருந்து மூவருக்கு மேல் கூடாது. நிஜ ஆட்டத்தில் அவர்கள் செய்வதற்கெல்லாம் புள்ளி. கேப்டனுக்கு அது இரட்டிப்பு. டிரிபிள் கேப்டன் என்ற சீட்டைப் போட்டால் அந்த வாரம் மும்மடங்கு. வாரம் ஒரு ஆளை இலவசமாக மாற்றலாம், அதற்குமேல் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 4 புள்ளி போய்விடும். இப்படி 38 வாரம்.

அதிர்ஷ்டம் என்று எழுதாதீர்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் கணக்கே அதற்கு இடம் கொடுக்கவில்லை. 23 முறை மைனஸ் நாலு என்றால் 92 புள்ளி. நீங்கள் பின்தங்கியது 9 புள்ளியில். அந்த 92-ம் அப்படியே வீண் என்று சொல்ல மாட்டேன், வாங்கிய ஆட்கள் எதையாவது கொண்டுவந்திருப்பார்கள். ஆனால் ஒரு மைனஸ் நாலு தேற வேண்டுமென்றால், உள்ளே வந்தவர் வெளியே போனவரைவிட நாலுக்கு மேல் எடுத்தாக வேண்டும். 23-இல் எத்தனை தேறின என்று பழைய வாரங்களைத் திறந்து எண்ணிப் பாருங்கள். நான் என்னுடையதை எண்ணினேன். ஒன்பதில் இரண்டு. இதில் இன்னொரு வேடிக்கை, விதியைத் தளர்த்தியதே அந்த 2024-25 சீசனில்தான். முன்பு இரண்டு இலவச மாற்றங்களுக்கு மேல் சேர்த்துவைக்க முடியாது, இப்போது ஐந்து வரை சேர்க்கலாம். காத்திருக்கிறவருக்குக் கூலி கொடுத்த வருடத்தில் நீங்கள் அபராதம் கட்டியிருக்கிறீர்கள்.

டிரிபிள் கேப்டன் விஷயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் வாரத்தைச் சொல்லவில்லை, ஆனால் செப்டம்பர் 28 என்று ஊகிக்கிறேன், ஏனென்றால் அன்று நானும் ஹாலண்டைத்தான் கேப்டனாக்கியிருந்தேன். ஐந்து ஆட்டத்தில் 10 கோல் போட்டிருந்த மனிதர். இரண்டாம் வாரம் இப்ஸ்விச்சுக்கு எதிராக மூன்று, அடுத்த வாரம் வெஸ்ட் ஹாமுக்கு எதிராக மூன்று. யாருக்குத்தான் ஆசை வராது? நியூகாசிலில் ஆட்டம் 1-1, சிட்டியின் கோலைப் போட்டவர் தற்காப்பு ஆட்டக்காரர் குவார்டியோல். அதே நாளில் செல்சி ஆட்டக்காரர் பால்மர் பிரைட்டனுக்கு எதிராக இடைவேளைக்குள் நாலு கோல் அடித்தார். பிரீமியர் லீகில் முதல் பாதியிலேயே நாலு கோல் போட்ட முதல் ஆள். பால்மர் என் அணியில் இருந்தார், கேப்டன் பட்டை இல்லாமல்.

ஹாலண்ட் அன்று கோல் போடாதது உங்கள் துரதிர்ஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சீட்டை ஒற்றை ஆட்டம் இருந்த வாரத்தில் இறக்கியது அதிர்ஷ்டத்தின் கணக்கில் வராது. ஒவ்வொரு சீசனிலும் எதற்காகவாவது ஆட்டங்கள் தள்ளிப்போகும், அப்புறம் ஒரே வாரத்தில் சில கிளப்புகளுக்கு இரண்டு ஆட்டம் விழும். அந்த வாரத்துக்குத்தான் பழகியவர்கள் சீட்டைப் பொத்தி வைத்திருப்பார்கள். 2024 டிசம்பர் 7 அன்று புயலால் எவர்ட்டன் – லிவர்பூல் ஆட்டம் ரத்தானது. பிப்ரவரி 12-இல் அதை ஆடினார்கள். எவர்ட்டனின் பழைய மைதானமான குடிசன் பார்க்கில் இந்த இரண்டு உள்ளூர் கிளப்புகளின் ஆண்கள் அணிகள் மோதிய கடைசி டெர்பி அது, 98-ஆம் நிமிடம் டார்கோவ்ஸ்கி போட்ட கோலில் 2-2. ஃபேண்டஸியில் அது 24-ஆம் வாரக் கணக்கில் சேர்ந்தது. ஆக அந்த வாரம் சலாவுக்கு இரண்டு ஆட்டம்: போர்ன்மவுத்தில் இரண்டு கோல், எவர்ட்டனில் ஒரு கோலும் ஒரு அசிஸ்டும் (இன்னொருவர் கோல் போடப் பந்தைக் கொடுத்தது). புயல் வருமென்று செப்டம்பரில் யாருக்கும் தெரியாதுதான். ஏதோ ஒன்று வரும் என்பது ஆறு வருட அட்மினுக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய வரி வேறு. “எல்லோருமே அவரைக் கேப்டனாக்குகிறார்களே என்று நான் வேறு ஆளைப் போட்டேன்.” கே., உங்கள் ஏழாவது இடம் அந்த வரியில்தான் இருக்கிறது. நீங்கள் புள்ளிக்காக ஆடவில்லை. “இவன் கண்டுபிடித்தான் பார்” என்று குழுவில் ஒரு பேச்சு வர வேண்டும், அதற்காக ஆடியிருக்கிறீர்கள். சலாவை வைத்து ஜெயித்தால் அது சலாவின் வெற்றி, யாருமே வைத்திருக்காத ஒருவரை வைத்து ஜெயித்தால் அது நம்முடையது. இந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஜனவரி 14-க்குப் பிறகு பால்மர் லீகில் கோலே போடவில்லை. அவரை எல்லோரும் விற்றுத் தள்ளினார்கள். நான் மட்டும் பிடிவாதமாக வைத்திருந்தேன், அவர் திரும்பி எழும் நாளில் என் ஒருவனிடம்தான் இருப்பார் என்று. மே 4-இல் எழுந்தார், லிவர்பூலுக்கு எதிராக, பெனால்டியில். குழுவில் நான் போட்ட செய்திக்கு ஒரே ஒரு தம்ஸ்-அப் வந்தது, அதுவும் என் தம்பி மகன் போட்டது.

உங்கள் தோழிக்கு என்ன திறமை என்று கேட்கிறீர்கள். சலா அந்த சீசனில் 38 ஆட்டமும் ஆடினார். 29 கோல், 18 அசிஸ்ட், ஃபேண்டஸியில் 344 புள்ளி. அதற்கு முன்பிருந்த சாதனை 303, அதுவும் 2017-18-இல் அவரே வைத்தது. சீசன் முழுக்கக் கேப்டனாக வைத்திருந்தால் அவர் ஒருவரிடமிருந்தே 688. எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கை அரிக்கும்போது அதை மாற்றாமல் இருப்பது சும்மா வருவதில்லை. தோழியின் பத்தியில் அதை எழுதுங்கள். கொஞ்சம் கிண்டலும் பண்ணுங்கள், ஜெயித்தவர் தாங்கிக்கொள்வார்.

பாஸ்வேர்டை மறந்தவரை நீக்கும் விதி மட்டும் வேண்டாம். அவருக்கு அதிர்ஷ்டம் இருந்தது உண்மைதான். ஆடாதவருக்குப் பதில் பெஞ்சிலிருப்பவர் தானாக இறங்கும் ஏற்பாடு அவரைக் காப்பாற்றியிருக்கும். கேப்டனுக்கு ஒரு காயமும் வரவில்லை. ஹாலண்டை நம்பிவிட்டுப் போயிருந்தால் மார்ச் இறுதியில் கணுக்கால் காயத்தோடு அவர் படுத்திருப்பார், நண்பரின் பெயர் பட்டியலின் அடியில் கிடந்திருக்கும். ஆனாலும் மற்ற ஒன்பது பேருக்கும் அவர்தான் அளவுகோல். ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதற்கு உங்கள் லீகில் இருக்கும் ஒரே சாட்சி அவர். இந்த முறை ஆண்டறிக்கையை அவரிலிருந்து தொடங்குங்கள். பிறகு ஒவ்வொருவரும் ஆகஸ்டில் எடுத்த முதல் 15 பேரை அப்படியே விட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, வாங்கிய புள்ளிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு சாயங்காலம் பிடிக்கும் வேலைதான். முதல் ஆறு பேரிலேயே இரண்டொருவருக்கு முகம் சுருங்கும் என்பது என் ஊகம். உங்கள் பத்தியை முதலில் எழுதிவிடுங்கள், 92 என்ற எண்ணை மறைக்காமல். அப்புறம் மற்றவர்களை எவ்வளவு வேண்டுமானாலும் கலாய்க்கலாம், யாரும் வாய் திறக்க முடியாது.

கடைசி இடத்துக்கு என்ன தண்டனை வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லையே, தெரிந்துகொள்ள ஆசை.

அடுத்த சீசனுக்கு எல்லோரும் புதிதாகத்தான் அணி எடுக்க வேண்டும். அந்த நண்பரும் ஆகஸ்டில் எடுக்கட்டும். எடுத்து முடித்ததும் பாஸ்வேர்டை மறுபடி தொலைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.