சிரிஞ்சை அப்பா கையில் கொடுங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் ஊர் மோல்மேன். இப்போது ரங்கூனில் சித்தி வீட்டில் தங்கியிருக்கிறோம். அப்பாவுக்கு நாக்கில் கேன்சர். ரேடியேஷன் நாலு வாரம் முடிந்திருக்கிறது. வாயெல்லாம் புண். தண்ணீர்கூட இறங்காமல் போனதும் மூக்கு வழியாக டியூப் போட்டார்கள். வருஷாவருஷம் கோயில் அன்னதானப் பந்தியை முன்னால் நின்று நடத்தியவர், இப்போது யாராவது பார்க்க வந்தால் துண்டால் முகத்தை மூடிக்கொள்கிறார். "டியூப் போட்டாலே கடைசிக் கட்டம்தானே" என்று ஒரு உறவுக்காரர் அவர் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி அப்பா டியூப்பைப் பிடுங்கிவிட்டார். மறுபடி போட்டிருக்கிறது. அம்மா ஆசைப்பட்டு மொஹிங்கா மீன் குழம்பை மிக்ஸியில் அடித்து ஊற்றினார், அடைத்துக்கொண்டது. ஒரே ஒரு கூன்யா, அதுதான் வெற்றிலை பாக்குச் சுருள், மென்று துப்பிவிடுகிறேன் என்று அப்பா வேறு கெஞ்சுகிறார். உங்கள் அண்ணனும் டியூப்போடு இருந்ததை எழுதியிருந்தீர்கள். வழி சொல்லுங்கள். என் பெயர் வேண்டாம்.

அன்புள்ள தங்கச்சி,

அந்த உறவுக்காரர் சொன்னது தப்பு. ஆனால் நீங்கள் சொன்னால் அப்பாவிடம் எடுபடாது, டாக்டர் வாயாலேயே சொல்ல வையுங்கள். வாய், தொண்டைப் பக்கம் ரேடியேஷன் என்றால் வழக்கமாக ஆறேழு வாரம், வாரத்துக்கு 5 நாள். நடுவில் விட்டால் கேன்சர் மறுபடி தலைதூக்க இடம் கொடுத்ததாகிவிடும். அதனால்தான் டியூப் போட்டு உடம்பு இளைக்காமல் பார்க்கிறார்கள். மெஷினில் படுக்கும்போது முகத்தில் வலை மாதிரி ஒரு முகமூடி மாட்டுகிறார்கள் அல்லவா? பிளாஸ்டிக்கைச் சூட்டில் இளக்கி, அவர் முகத்திலேயே அழுத்தி அச்செடுத்தது அது. கன்னம் ஒட்டிப்போனால் முகமூடி லொடலொடக்கும், திரும்ப அளவெடுக்க வேண்டிவரும். இதை விளக்கிச் சொன்ன பிறகுதான் என் அண்ணன் டியூப்போடு சண்டை போடுவதை நிறுத்தினார். மெக்கானிக் ஆயிற்றே, அளவு தப்பினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

உங்கள் அப்பா கதை வேறு. ஊருக்கே பரிமாறிய மனுஷரைப் படுக்க வைத்து, அம்மா ஒரு பக்கம் நீங்கள் ஒரு பக்கம் நின்று ஊற்றினால் முகத்தை மூடாமல் என்ன செய்வார்? சிரிஞ்சை அவர் கையில் கொடுங்கள். நான் சொல்ல நினைப்பது இதைத்தான், மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

நிமிர்ந்து உட்காரட்டும். மூக்கருகே டியூப்பில் போட்டிருக்கிற குறி நகராமல் இருக்கிறதா என்று அவரே கண்ணாடியில் பார்க்கட்டும். பெரிய சிரிஞ்சின் உள்தண்டை உருவி எடுத்துவிட்டுக் குழாயில் செருகி, உணவை ஊற்றிப் பிடித்தால் தானாக இறங்கும். கையை உயர்த்தினால் வேகம், தாழ்த்தினால் நிதானம். அவசரப்பட்டு அமுக்கினால் வயிறு உப்பி வாந்தி வரும். முடிந்ததும் முக்கால் மணியாவது படுக்கக் கூடாது. நடுவில் இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் அப்படியே நிறுத்திவிடுங்கள். குறி நகர்ந்திருந்தாலும், டியூப் கழன்றாலும் ஆஸ்பத்திரிதான், வீட்டில் யாரும் உள்ளே தள்ளிப் பார்க்க வேண்டாம். காற்று ஊதி வயிற்றில் சத்தம் கேட்கிறது என்று சொல்வதை மட்டும் வைத்து நம்பக் கூடாது, நுரையீரல் பக்கம் போயிருந்தாலும் சத்தம் கேட்கலாம்.

அம்மாவுக்கு: மொஹிங்கா வேண்டாம். குழம்பு கெட்டியாக வறுத்த அரிசி மாவும் கடலை மாவும் போடுகிறோமே, அது அந்த மெல்லிய குழாயில் பசையாக ஒட்டிக்கொள்ளும். மீன் முள் வேறு. ஆஸ்பத்திரியில் சொல்கிற டியூப் உணவுப் பவுடர் விலை கூடுதல்தான், ஆனால் எளிதில் அடைக்காது, அளவும் தெரியும். வீட்டுக் கஞ்சி சேர்க்கலாம் என்று அங்கே ஒப்புக்கொண்டால், நீர்க்க அரைத்துத் துணியில் வடிகட்டுங்கள். கரண்டை நம்ப முடியாத ஊரில் ஃபிரிட்ஜையும் நம்ப முடியாது. அந்தந்த வேளைக்கு மட்டும் செய்யுங்கள், வெளியில் 2 மணி நேரம் இருந்ததைக் கொட்டிவிடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், மருந்துக்கு முன்னும் பின்னும், 30 மில்லி காய்ச்சி ஆறிய தண்ணீர் விட்டாலே பாதி அடைப்பு வராது. மாத்திரையைப் பொடிக்குமுன் கேளுங்கள், சிலவற்றைப் பொடிக்கவே கூடாது. அடைத்தால் வெதுவெதுப்பான தண்ணீரை சிரிஞ்சால் மெல்லத் தள்ளி இழுக்கலாம். கம்பி கிம்பி விடாதீர்கள்.

அப்புறம், நீங்களெல்லாம் எங்கே சாப்பிடுகிறீர்கள்? ஒளிந்துதானே? எங்கள் அண்ணியும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிடுவார். அண்ணன் ஒருநாள் சிலேட்டில் "கருவாடு தீயுது" என்று எழுதி நீட்டினார். வயிறு நிறைந்தாலும் நாக்குக்கு ஆசை போகாது, மூக்கும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். கூட உட்கார வேண்டுமா, வாசமே வேண்டாமா என்று அப்பாவிடமே கேளுங்கள். சிலருக்கு வாசம் பட்டாலே குமட்டும். அதை நாம் முடிவு செய்யக் கூடாது.

விழுங்குவதை அடியோடு விட்டுவிடாமல் பார்க்க வேண்டும். சும்மா விட்டால் அந்தத் தசை தளர்ந்து, டியூப் எடுத்த பிறகும் சாப்பாடு இறங்காது. புரையேறும் ஆபத்து இல்லை என்று டாக்டர் சொன்னால், ஒரு மடக்குத் தண்ணீராவது தினமும் விழுங்கிப் பழகட்டும். வாயை உப்பும் ஆப்பசோடாவும் கலந்த தண்ணீரால் அடிக்கடி கொப்பளிக்கட்டும்.

கூன்யா கூடாது. மென்று துப்பினாலும் கூடாது. புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே அறிக்கை வெளியிட்டாயிற்று. வெந்த வாயில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும்.

ரேடியேஷன் முடிந்த மறுநாளே வாய் ஆறிவிடாது. அதற்கப்புறம் ஓரிரண்டு வாரம் புண் இன்னும் மோசமாகலாம். "முடிந்துவிட்டதே, எடுத்துவிடு" என்று அவர் பிடிவாதம் பிடிக்கும் நேரம் அதுதான், இப்போதே சொல்லி வையுங்கள். வாயால் சாப்பிட்டே எடை நிற்கிறதா என்று பார்த்துத்தான் எடுப்பார்கள். நாள் இழுக்கும் என்றால் மூக்கை விட்டு வயிற்றிலேயே டியூப் வைக்கலாமா என்று கேளுங்கள். சட்டைக்குள் மறைந்துவிடும், துண்டு தேவைப்படாது. மோல்மேன் திரும்புமுன், ராத்திரியில் டியூப் கழன்றால் அங்கே யாரிடம் போவது என்று நர்ஸிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.