பிக்கிள்பால் பேடில் கேள்வி பதில்: அடியா, சுழலா, கட்டுப்பாடா?

ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போடுவது என் தொழில். இப்போதெல்லாம் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் பிக்கிள்பால் பேடில்தான், அதாவது சின்ன கோர்ட்டில் ஓட்டை போட்ட பந்தை அடித்து ஆடும் ஆட்டத்துக்கான மட்டை. கிரிப் மாற்ற, கனம் கூட்டும் டேப் ஒட்ட, "இது செத்துப்போச்சா பாருங்க" என்று கேட்க வருகிறார்கள். பேடில் பற்றி எதுவும் கேளுங்கள். கோர்ட் எங்கே இருக்கிறது, மணிக்கு வாடகை எவ்வளவு என்பதெல்லாம் என்னிடம் வேண்டாம். கேட்காமலே ஒன்று சொல்லிவிடுகிறேன்: வெயிலில் நிறுத்திய காருக்குள் பேடிலை வைக்காதீர்கள்.

ஓ.எம்.ஆர். ஆட்டக்காரன்: அண்ணா, நாலு மாசமா ஃப்ரெண்டோட பேடில்ல ஆடிட்டிருக்கேன். சொந்தமா ஒண்ணு வாங்கணும். பட்ஜெட் எட்டாயிரம். பவர், ஸ்பின், கன்ட்ரோல் மூணும் இருக்கணும்.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை! மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும் தம்பி, மூன்றும் முழுசாக ஒரே பேடிலில் கிடைக்காது. அதனால் கேள்வியைத் திருப்பிப் போடுவோம். உங்கள் பாயின்ட் எங்கே போகிறது? அடுத்த முறை ஆடும்போது தோற்ற பாயின்ட்டுகளை மட்டும் கவனியுங்கள். நெட் பக்கத்தில் நின்று மெல்லத் தட்டும் டிங்க் நெட்டில் விழுகிறதா? எதிராளி அடித்ததைத் தடுக்கப் போய், பந்து எகிறி, அவர் அறைந்து முடிக்கிறாரா? கோர்ட்டின் கடைசிக் கோடான பேஸ்லைனைத் தாண்டிப் பறக்கிறதா? அடி போதாமல் தோற்கும் நாலு மாத ஆட்டக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. எல்லாருமே பந்தை அடக்க முடியாமல்தான் தோற்கிறார்கள்.

இந்த ஆட்டத்தின் அமைப்பே அப்படி. நெட்டின் நடுவில் உயரம் 34 அங்குலம். அதற்கு அந்தப் பக்கம் கிச்சன் (நெட்டை ஒட்டிய, பந்தை அந்தரத்தில் அடிக்கக் கூடாத பகுதி) வெறும் 7 அடி. சர்வ், எதிராளியின் பதில் அடி, இரண்டும் முடிந்து வரும் மூன்றாவது ஷாட்டைப் பேஸ்லைனில் நின்றுகொண்டு அந்த ஏழு அடிக்குள் மெத்தென்று இறக்க வேண்டும். இறக்கினால் நீங்கள் முன்னேறலாம், இல்லையென்றால் பின்னாலேயே நின்று வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கடைக்காரர்கள் 'பவர்' என்று ஒரே வார்த்தையில் சொல்வதில் இரண்டு சமாசாரம் இருக்கிறது. முழுசாக வீசி அடிக்கும்போது கிடைப்பது பவர். கையை அசைக்காமல் சும்மா காட்டினாலே பந்து துள்ளி ஓடுவது பாப். புதியவரைக் கெடுப்பது இந்த இரண்டாவதுதான். டிரைவ் என்கிற வேக அடிக்கு உதவுகிற பேடிலே கிச்சன் கோட்டில் பந்தை எதிராளியின் மார்பு உயரத்துக்குத் தூக்கிக் கொடுக்கும்.

இதில் பெரிய பங்கு கோரின், அதாவது இரண்டு மேல்பரப்புக்கும் நடுவில் இருக்கும் உள்பகுதியின், தடிமனுக்கு. பாலிப்ரொபிலீன் பிளாஸ்டிக்கால் ஆன தேன்கூடு கோர் 16 மி.மீ. என்றால் பந்தை உள்வாங்கி விடும். நடுவில் படாத அடியையும் ஓரளவு காப்பாற்றும். 13, 14 மி.மீ. என்றால் சட்டென்று தள்ளும். நீங்கள் 16 எடுங்கள். வடிவம் 16 அங்குல நீளம், 8 அங்குல அகலம் உள்ள வைட்பாடி, அல்லது அதற்குச் சற்று ஒல்லியான ஹைப்ரிட். எடை 220 முதல் 230 கிராமுக்குள். மேல்பரப்பு ரா கார்பன், அதாவது பெயின்ட் பூசாத கார்பன் இழை. எட்டாயிரத்துக்குள் இதெல்லாம் கிடைக்கிறது. பெட்டியில் 'பவர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அடி வேண்டுமென்றால் ஆறு மாதம் கழித்து டேப் ஒட்டிக்கொள்ளலாம். பாப் அதிகமுள்ள பேடிலை அடக்குவதற்கு மட்டும் டேப் கிடையாது.

கோவை ஷட்டில்: சார், இருபது வருஷம் பேட்மிண்டன். எலாங்கேட்டட், அதான் நீளமான பேடில்லதான் ரீச் கிடைக்கும்னு சொல்றாங்க. அதையே எடுத்துடலாமா?

ரீச் கிடைக்கும். ஆனால் விதி ஒன்றை நினைவில் வையுங்கள்: நீளமும் அகலமும் சேர்த்து 24 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, நீளம் மட்டும் 17-ஐத் தாண்டக் கூடாது. ஆகவே நீளத்தில் கூட்டுவதை அகலத்தில் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். 16.5-க்கு 7.5 என்கிற எலாங்கேட்டடில் ஸ்வீட் ஸ்பாட், அதாவது அடி நன்றாக விழும் இடம், ஒடுங்கி மேலே ஏறிவிடும், ஓரத்தில் பட்டால் பேடில் கையில் திரும்பும்.

உங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பேட்மிண்டன் ராக்கெட் எண்பது சொச்சம் கிராம். இது அதைப்போல இரண்டரை மடங்கு. நீங்கள் பழக்கதோஷத்தில் மணிக்கட்டைச் சொடுக்குவீர்கள், பேடில் ஒரு கணம் தாமதமாக வரும். தராசில் காட்டும் எடையை விட ஸ்விங் வெயிட்டைப் பாருங்கள், அதாவது வீசும்போது கைக்குத் தெரிகிற கனத்தை. 120-க்கு மேல் என்றால் தலைக்கனம் பிடித்த பேடில். 110, 112 பக்கம் இருக்கும் ஹைப்ரிட்டை எடுங்கள். பேட்மிண்டன்காரர்களின் பலமே நெட் பக்கத்துக் கைவேகம். அதை இழந்துவிட்டு ரீச்சை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

டி.டி. சாமி: நான் டேபிள் டென்னிஸ்காரன். எனக்கு ஸ்பின்தான் முக்கியம். டி700 18கே கார்பன் வாங்கினால் அதிக ஸ்பின் என்று விளம்பரம் சொல்கிறது. 3கே-யை விட எவ்வளவு கூடும்?

அந்த எண்ணால் ஒன்றும் கூடாது, சார். டி700 என்பது ஜப்பான் டோரே நிறுவனத்தின் கார்பன் இழை ரகம். இழுவை தாங்கும் வலிமையைச் சொல்கிற பெயர். 3கே, 18கே என்பது ஒரு கற்றையில் எத்தனை ஆயிரம் இழைகள் என்ற கணக்கு. பார்வைக்குக் கட்டம் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

பந்தைப் பிடிக்கிற சொரசொரப்பு கார்பனே இல்லை. பீல் பிளை என்று ஒரு துணி இருக்கிறது. பிசின் இறுகும் முன் கார்பன் மேல் அதைப் போட்டு அழுத்தி, இறுகியதும் உரித்து எடுப்பார்கள். துணியின் நெசவுத் தடம் பிசினில் பதிந்து நிற்கும். விரலால் தடவும்போது தெரிவது அந்தத் தடம்தான். மலிவு பேடில்களில் மணல் கலந்த பெயின்ட்டை அடித்துவிடுவார்கள். அது சீக்கிரம் போய்விடும். கடைக்கு வரும் பழைய பேடில்களை ட்யூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்ப்பேன். ஓரமெல்லாம் மங்கலாக, நடுவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று இருக்கும். ஸ்பின் போன இடம் அது.

டி.டி. சாமி: ஒப்புக்கொள்ள மாட்டேன். டேபிள் டென்னிஸில் ரப்பருக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச்தான் சுழலைக் கொடுக்கிறது. 2008-ல் தடை வரும் வரை ஸ்பீட் குளூ என்ற பசையை ரப்பருக்கு அடியில் ஏன் பூசினார்கள்? பந்து பேடிலில் தங்கும் நேரம்தான் எல்லாம். சொரசொரப்பு இரண்டாம் பட்சம்.

அங்கே சரி. 2.7 கிராம் பந்து, ஒட்டிப் பிடிக்கும் ரப்பர். இங்கே ரப்பருக்கே தடை. பந்தோ ஓட்டை போட்ட கெட்டி பிளாஸ்டிக், 22 முதல் 26 கிராம் வரை. பந்து தங்கும் நேரத்துக்கும் பங்கு உண்டுதான், கோர் மெத்தென்று இருந்தால் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் வழுவழு பரப்பில் எவ்வளவு நேரம் தங்கினாலும் பந்து வழுக்கத்தான் செய்யும்.

டாலஸ்வாசி: கம்போசிட் துறையில் வேலை செய்கிறேன். இழை எண்ணிக்கை பற்றி அண்ணன் சொன்னது சரி. ஆனால் கெவ்லர் என்ற வேறொரு இழையில் பரப்பு போட்ட பேடிலில் எனக்கு ஸ்பின் கூடுதலாக வருகிறது. ஆகவே இழைக்கும் பங்கு இருக்கிறதே?

கெவ்லர் கார்பனை விட நெகிழும், அதனால் பந்தை விடும் விதம் மாறும். அந்த அளவுக்கு சாமி சாருக்குப் பாதி மார்க். ஆனால் உங்கள் கெவ்லர் பேடில் புதுசு, பழைய கார்பன் பேடில் தேய்ந்தது. இதை ஒப்பிட்டு இழைக்கு மார்க் போட முடியாது.

டி.டி. சாமி: அப்படியானால் தேய்ந்த பரப்பை நைஸ் உப்புத்தாள் போட்டு உரசினால் ஸ்பின் திரும்பி வருமே?

வேண்டவே வேண்டாம். போட்டியில் பிடித்தால் வெளியே அனுப்புவார்கள். பரப்பின் சொரசொரப்புக்கு மைக்ரான் கணக்கில் வரம்பு இருக்கிறது, சராசரி 30, உச்சம் 40. அது போக, உரசினால் இருக்கிற தடமும் அழிந்து, இழை வெளியே வந்துவிடும். முதலில் இதைச் செய்து பாருங்கள்: கார்பன் பேடிலுக்கென்றே ரப்பர் கட்டி விற்கிறார்கள், பெரிய அழிரப்பர் போல இருக்கும். அதைப் போட்டுத் தேய்த்தால் பந்தின் பிளாஸ்டிக் தூள் பச்சையும் மஞ்சளுமாகச் சுருண்டு வரும். "ஸ்பின் போச்சு" என்று வருகிறவர்களில் பலருக்கு அந்தத் தூள்தான் தடத்தை அடைத்திருக்கும்.

சாமி சார் இன்னும் விடவில்லை என்று தெரிகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வாருங்கள், ஒரே மாடலில் புதுசு ஒன்று, தேய்ந்தது ஒன்று தருகிறேன். அடித்துப் பார்த்துவிட்டுச் சண்டை போடலாம்.

வேளச்சேரி: ப்ரோ, பிகினர். பட்ஜெட் 7000. பெஸ்ட் பேடில்?

முதல் பதில்.

மதுரை மருமகள்: அண்ணா, என் மாமியாருக்கு 61 வயசு. அபார்ட்மென்ட்ல ஆட ஆரம்பிச்சிருக்காங்க. முழங்கை வலிக்குதுன்னு சொல்றாங்க. லேசான பேடில் வாங்கினா சரியாகுமா?

லேசு என்றால் நல்லது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ரொம்ப லேசான பேடிலில் அதிர்வு முழுசாகக் கைக்கு வரும், பந்தைத் தள்ள அவர் கூடுதலாகப் பலம் போடவும் வேண்டியிருக்கும். 215 முதல் 225 கிராம், 16 மி.மீ., வைட்பாடி எடுங்கள். அதை விட முக்கியம் கிரிப் சுற்றளவு. கைப்பிடி மெலிசாக இருந்தால் இறுக்கிப் பிடிப்பார், முழங்கை வலிக்கு அது ஒரு பெரிய காரணம். பிடித்த நிலையில் விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே மற்றொரு கையின் சுட்டுவிரல் நுழைய வேண்டும். இடம் இல்லையென்றால் மேலே ஒரு ஓவர்கிரிப் சுற்றுங்கள். நூறு, நூற்றைம்பது ரூபாயில் முடியும். வலி தொடர்ந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அது என் டிபார்ட்மென்ட் இல்லை.

அடையார் அசோசியேஷன்: சத்தம் தாங்க முடியவில்லை என்று குடியிருப்பில் புகார். சத்தமில்லாத பேடில் உண்டா?

சத்தமே இல்லாதது கிடையாது. குறைவாக உண்டு. ஃபோம் கோர், தடித்த கோர் உள்ளவற்றில் சத்தம் மெத்தென்று இருக்கும். மற்றபடி, காலை ஆறு மணிக்கு ஆடாதீர்கள்.

நீலாங்கரை: என் பேடில் ஆறு மாசம் ஆச்சு. போன வாரத்திலிருந்து அடி பயங்கரமா போகுது. நான் இம்ப்ரூவ் ஆயிட்டேனா, பேடில் செட் ஆயிடுச்சா?

இரண்டும் இல்லை, உடைந்துவிட்டது. தேன்கூட்டின் சுவர்கள் உள்ளே நொறுங்கியிருக்கும், அல்லது பரப்பு கோரை விட்டுப் பிரிந்திருக்கும். இடைவெளி விழுந்ததும் மேல்பரப்பு டிராம்போலின் மாதிரி பந்தை எறியும். 2022-க்குப் பிறகு அச்சில் சூடாக்கி அழுத்தி, ஓரத்தில் ஃபோம் ஏற்றிச் செய்யும் தெர்மோஃபார்ம் பேடில்கள் வந்த புதிதில் இது ஒரு பெரிய தலைவலி. விரல் முட்டியால் ஓரத்திலிருந்து நடுவரை தட்டிக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் சத்தம் தொப்பென்று மாறும். கட்டைவிரலால் அழுத்தினால் நறநறவென்று கேட்டால் சந்தேகமே வேண்டாம். வாரன்டி இருந்தால் இன்றே அனுப்புங்கள், அதை வைத்துப் போட்டி ஆடாதீர்கள். கிச்சன் கோட்டில் எதிரில் நிற்பவர் பதினான்கு அடித் தூரத்தில்தான் இருக்கிறார், கண்ணில் பட்டால் யார் பதில் சொல்வது?

காருக்குள் வைத்திருந்தீர்களா?

நீலாங்கரை: டிக்கிலதான் இருக்கும் எப்பவும்.

சொன்னேனே! மே மாதச் சென்னையில் மூடிய கார் ஒரு அடுப்பு. பசையும் பாலிப்ரொபிலீனும் அங்கே என்ன பாடுபடும்? வீட்டுக்குள் கொண்டுபோங்கள்.

சிங்கை செல்வம்: ஃபோம் கோர் பேடில் எல்லோரும் வாங்குகிறார்கள். 250 வெள்ளிக்கு மேல். மாறலாமா?

தேன்கூட்டுக்குப் பதில் முழுக்க ஃபோம், அதனால் நொறுங்கும் பிரச்சினை குறைவு, அடியும் சீராக வரும். அந்தப் பணத்துக்கு அதுதான் நியாயமான காரணம். ஆனால் வாங்கும் முன் அமெரிக்க பிக்கிள்பால் அமைப்பின் அங்கீகாரப் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா பாருங்கள். 2024 மே மாதம் ஜூலா நிறுவனத்தின் ஜென் 3 பேடில்களை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். சோதனைக்கு வந்ததும் சந்தையில் விற்றதும் ஒன்றல்ல என்றார்கள், மாதிரி மாறிப் போய்விட்டது என்றது நிறுவனம். வாங்கியவர்கள் நடுவில் மாட்டினார்கள். அதே ஆண்டு நவம்பரில் புதுச் சோதனையும் வந்தது. பந்தைப் பேடில் மேல் எறிந்து, திரும்பும் வேகத்தை அளக்கிறார்கள். அடி கூடக் கூட அங்கீகாரம் பறிபோகும் ஆபத்தும் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் வெறும் வீக்கெண்டுக்கு என்றால் மாறத் தேவையில்லை.

பிக்கிள் ராஜா: பந்தைக் கையிலேயே சுழற்றிவிட்டு சர்வ் போட எந்த பேடில் நல்லது?

எந்த பேடிலும் உதவாது. விடும்போது விரலால் சுழற்றுவது 2023 முதல் விதிப்படி தடை.

புதுசு: சார் நான் பிகினர், எல்லாம் பேலன்ஸா இருக்கற பேடில் ஒண்ணு...

முதல் பதில், முதல் பதில், முதல் பதில்.

திருச்சி டென்னிஸ்: இரண்டு கை பேக்ஹேண்ட் ஆடுவேன். டேப் பற்றிச் சொன்னீர்கள், எங்கே எவ்வளவு ஒட்டுவது?

முதலில் கைப்பிடி நீளம் பாருங்கள், ஐந்தரை அங்குலமாவது இருந்தால்தான் இரண்டாவது கைக்கு இடம். டேப்பை எடுத்ததும் தலையில் ஒட்டாதீர்கள், ஸ்விங் வெயிட் சட்டென்று ஏறிவிடும். கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடத்தில், பக்கத்துக்கு மூன்று கிராம். நடுவில் படாத அடிகள் நிலைப்படும், கைவேகம் அதிகம் குறையாது. ஒரு வாரம் ஆடுங்கள். டிரைவில் இன்னும் கனம் வேண்டுமென்றால் அதே டேப்பை இரண்டு அங்குலம் மேலே நகர்த்துங்கள், புதிதாக ஒட்ட வேண்டாம். ஓரத்தில் வியர்வை ஈரம் இருந்தால் டேப் பிடிக்காது, ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.