கேபிள் லைன் கேள்வி பதில்: மழை, கரண்ட் கட், ஊர்ச் சேனல்

கேபிள் டிவி, கேபிள்காரர் தரும் நெட் இரண்டையும் பற்றி கொங்குப் பகுதியிலிருந்து வந்த கேள்விகளுக்கு, லைன் வேலை தெரிந்த உறுப்பினரின் பதில்கள்.

பொள்ளாச்சி பக்கம், தோட்டத்துச் சாளை (தோட்டத்து வீடு): அண்ணா, தூத்தல் போட்டாலே சில சேனல் மட்டும் கட்டங்கட்டமா உடையுதுங்க. மத்ததெல்லாம் நல்லா வருது. பாக்ஸை மாத்தோணுங்களா?

பாக்ஸை மாத்தாதீங்க, குறை லைன்லதான். ஒரே அலைவரிசையில பத்துப் பதினைஞ்சு சேனல் சேர்ந்து வருது. அந்த அலைவரிசை பலவீனமானா அதுல இருக்கிற சேனல் எல்லாம் ஒண்ணா உடையும். வீட்டுக்குப் போடற சாதாரண ஆர்ஜி-6 கேபிள் ஒயர் 100 மீட்டர் ஓடினா, கீழ் அலைவரிசையில சிக்னல் 5, 6 டிபிதான் (டெசிபெல்) குறையும். மேல் அலைவரிசையில, 750 மெகாஹெர்ட்ஸ் பக்கம், 18 டிபிக்கு மேல போயிரும். ரோட்டுக்கும் சாளைக்கும் தூரம் அதிகம்ங்கறதால மேல் அலைவரிசை ஏற்கெனவே விளிம்புல நிக்குது. மழைத்தண்ணி அதைக் கீழே தள்ளிவிடுது.

வெளியே இருக்கிற கனெக்டரைக் கழட்டிப் பாருங்க. நடுக்கம்பி செம்பு நிறத்துல பளிச்சுனு இருக்கோணும். பச்சை பூத்திருந்தாலோ, சுத்தி இருக்கிற வலைக்கம்பி வெள்ளை மாவாட்டம் உதிர்ந்தாலோ தண்ணி உள்ள போயிருச்சு. நல்ல கம்பி வர்ற வரைக்கும் ஒயரை வெட்டோணும். ஒரு அடியும் ஆகும், மூணு அடியும் ஆகும். அப்புறம் திருகுற கனெக்டர் வேண்டாம், அழுத்திப் பொருத்துற கனெக்டரைப் போடச் சொல்லுங்க. நடுக்கம்பி கனெக்டர் விளிம்பைத் தாண்டி 2, 3 மில்லிமீட்டர் நீட்டியிருக்கோணும். மேல தானே ஒட்டிக்கிற ரப்பர் டேப் சுத்தோணும். கறுப்பு இன்சுலேஷன் டேப் மட்டும் சுத்தினா ஒரு கோடைக்குள்ள பிரிஞ்சிரும். ஒயர் வீட்டுக்குள்ள நுழையற இடத்துல கீழ்ப்பக்கமா ஒரு வளைவு விட்டா தண்ணி அங்கேயே சொட்டிரும்.

வேலை முடிஞ்சதும் மீட்டர் வெச்சுக் காட்டச் சொல்லுங்க. பாக்ஸ் முனையில சிக்னல் பலம் 50 முதல் 60 டிபி மைக்ரோவோல்ட், சிக்னல் எவ்வளவு சுத்தம்னு காட்டற எம்இஆர் 30க்கு மேல இருந்தா நல்ல லைன். மீட்டர் இல்லாம வர்றவர் கண்ணை மட்டும் நம்பி வேலை செய்யறார், அது போதாதுங்க. தூரம் 70 மீட்டரைத் தாண்டினா இன்னும் தடிமனான ஆர்ஜி-11 ஒயர் போடலாம். சாளை வரைக்கும் ஃபைபர் (சிக்னல் வெளிச்சமாப் போற கண்ணாடி இழை) இழுத்து, சின்ன நோட் (அந்த வெளிச்சத்தைக் கேபிள் சிக்னலா மாத்தற பெட்டி) வெச்சா இன்னும் நல்லது.

கோவை, சிங்காநல்லூர்: மூணு டிவிக்கு எந்த ஸ்பிளிட்டர்?

மூணு வழி ஸ்பிளிட்டர். ரெண்டு வழியில 4 டிபி வரைக்கும், மூணு வழியில 5½, நாலு வழியில 7 டிபிக்கு மேல குறையும். அதனால தேவைக்கு மேல பெரிசா வாங்காதீங்க. குறைஞ்சதை ஈடுகட்டப் பூஸ்டர் போட்டா சிக்னலோட இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

பல்லடம், விசைத்தறி வெச்சிருக்கறவங்க: வீட்ல இன்வெர்ட்டர் இருக்குங்க. இருந்தும் கரண்ட் போனா டிவியும் நெட்டும் போயிருது. எங்கே கோளாறு?

உங்க தெருவுல இருக்கிற நோட்டுக்கும், சிக்னலைப் பெருக்கற ஆம்ப்ளிஃபயருக்கும் பேட்டரி பத்தலை. கணக்கு இதுதான்: அந்த ரெண்டும் 60 வாட் இழுக்குதுன்னு வைங்க. 12 வோல்ட் 42 ஏஎச் (ஆம்பியர் மணி, பேட்டரியோட கொள்ளளவு) பேட்டரியில 504 வாட் மணி இருக்கு. இன்வெர்ட்டர் நஷ்டத்தையும், பேட்டரியை முழுசாக் காலி பண்ணக்கூடாதுங்கறதையும் கழிச்சா 280தான் மிச்சம். அது நாலரை மணி நேரத்துக்குத்தான் வரும். மாதாந்திரப் பராமரிப்புக்கு காலை 9லிருந்து மாலை 4 வரை கரண்டை நிறுத்தினா ஏழு மணி நேரம். அதே லோடுக்கு 100 ஏஎச் போட்டா 11 மணி நேரம் தாங்கும். வெயில்ல தகரப் பெட்டிக்குள்ள கிடக்கிற பேட்டரி மூணு வருஷத்துல பாதிகூடத் தேறாது. அதனால எத்தனை ஏஎச்னு மட்டும் கேட்காதீங்க, எந்த வருஷம் போட்டதுன்னும் கேளுங்க.

வீடு வரைக்கும் ஃபைபர் வந்தா வழியில கரண்டே தேவையில்லை. கேபிள்காரர் அறையிலயும் உங்க வீட்டு நெட் பாக்ஸுக்கும் இருந்தாப் போதும்.

பெருந்துறை: நெட் பாக்ஸ்ல சிவப்பு லைட் சிமிட்டுது அண்ணா.

வெளிச்சம் வந்து சேரலைங்க. ஆணியில இறுக்கிக் கட்டியோ, கதவிடுக்குல நசுங்கியோ ஃபைபர் மடங்கியிருக்கான்னு பாருங்க. சந்தேகம் வந்தாலும் முனையைக் கண்ணுக்கு நேரா வெச்சுப் பாக்காதீங்க. மீட்டர்ல வெளிச்சத்தோட பலம் மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் வரைக்கும் இருந்தா நல்ல அளவு. மைனஸ் 27க்கும் கீழே போனா நெட் விட்டுவிட்டு அறுந்துபோகும். பச்சை மூக்கு கனெக்டரை நீல மூக்குல சொருகினாலும் இதே தொல்லை வரும்.

உடுமலை, புதுசா லைன் எடுத்த தம்பி: ஆடிக் காத்துல தென்னை மட்டை விழுகுது, வைக்கோல் லோடு லாரி ஒயரை அத்துட்டுப் போகுதுங்கண்ணா.

ரோட்டைக் கடக்கற இடத்துல நடுவுல தொங்கற பகுதியே 20 அடிக்குக் குறையக்கூடாது தம்பி. வெயில்ல ஒயர் இன்னும் தொய்யும், அதனால அளவை மத்தியானம் எடு. தோப்பு ஓரமாப் போனா உலோகக் கம்பி இல்லாத ஃபைபர் போடு. இரும்புக் கம்பி அறுந்து கரண்ட் லைன் மேல விழுந்தா ஆள் செத்துப்போகும். இதுல சிக்கனம் பாக்கவே கூடாது.

ஈரோடு: பில்லு 130 ரூபாய்க்கு மேல வாங்கலாமுங்களா?

வாங்கலாமுங்க. நெட்வொர்க் கட்டணத்துக்கு (லைனுக்குன்னு மாசாமாசம் வாங்கறது) 130 ரூபாய்னு இருந்த உச்சவரம்பை டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2024ல எடுத்திருச்சு. அதுக்கு மேல கட்டணச் சேனல் விலையும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். விலைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்க. சிக்னலே இல்லைன்னா புகார் எண் வாங்கிக்கோங்க. 24 மணி நேரத்துல சரிபண்ணோணும்ங்கறது டிராய் வெச்ச அளவுகோல்.

கோபி: ஊர்ச் சேனல்ல பாட்டு மட்டும் ஓடுது. ஊருக்கு உபயோகமா என்ன கேக்கலாம்?

நிறையக் கேக்கலாமுங்க. பவானிசாகர்ல இருந்து கீழ்பவானி வாய்க்காலுக்கு வழக்கமா ஆகஸ்ட் 15ல தண்ணி திறந்து 120 நாள் விடுவாங்க. எந்த மதகுக்கு எப்ப தண்ணின்னு திரையின் அடியில ஓடவிட்டா, வயசானவங்களும் படிப்பாங்க. கரண்ட் நிறுத்தம், உழவர் சந்தை விலை, மஞ்சள் ஏல விலை இதெல்லாம் காலையில 6 மணிக்கே ஓடோணும். எழுத்து பெரிசா, மெதுவா நகரோணும்.

மாரியம்மன் நோன்பி நேரலைன்னா மொபைல் டேட்டாவை நம்பவே கூடாது. கூட்டம் சேர்ந்ததும் டவர் திணறும். ரெண்டு நாள் முன்னாடியே பக்கத்துக் கம்பத்துல இருந்து ஃபைபர் இழுத்துரோணும். படத்துக்கு 8 எம்பிபிஎஸ் போகும், லைன் அதுக்கு ரெண்டு மடங்கு வேணும். சத்தத்தைக் கேமரா மைக்ல எடுத்தா பம்பைச் சத்தம் எல்லாத்தையும் விழுங்கிரும். மைக் செட்காரர் மிக்ஸர்ல இருந்து தனி ஒயர் எடுக்கச் சொல்லுங்க. அவர் இடையில சினிமாப் பாட்டுப் போட்டா அதுவும் நேரலையில போகும். உரிமம் இல்லைன்னா வழக்கு கேபிள்காரர் தலையில விழும். அதனால பாட்டு ஓடற நேரத்துக்கு மிக்ஸர் சத்தத்தை இறக்கிட்டு, கோயில் பக்கம் தனியா வெச்ச ஒரு மைக்கைத் திறக்கோணும்.